ஜேட் செடி இலை கொட்டுதா? தண்ணியா, வெளிச்சமா, ரீபாட்டா, வெட்டறதா, இல்ல சும்மா விடறதா

ஜேட் செடில இலை கொட்ட ஆரம்பிச்சா ஆளுக்கொரு வைத்தியம் வரும். தண்ணிய நிறுத்துங்கன்னு ஒருத்தர், தண்ணி பத்தலைன்னு இன்னொருத்தர், வெயில்ல வைங்கன்னு ஒருத்தர், தொட்டியையும் மண்ணையும் மாத்தி ரீபாட் பண்ணுங்கன்னு ஒருத்தர், கடைசியா இது தேறாது கிளைய வெட்டி புதுசா வச்சுக்கோங்கன்னு ஒருத்தர். இதுல கஷ்டம் என்னன்னா இந்த யோசனை ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு ஜேட் செடிக்கு சரியான யோசனைதான், எதுவும் தப்பில்ல, ஆனா உங்க ஜன்னல்ல இருக்கற செடிக்கு எது பொருந்தும்னு பாக்காம எல்லாத்தையும் ஒரே வாரத்துல செஞ்சா எது உதவுச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியறதுக்குள்ள செடி போயிடும்.

அதனால என் கட்சிய முதல்லயே சொல்லிடறேன். வேணாம்னு தோணினா பழையபடி மாத்திக்க முடியற வழிய முதல்ல எடுங்க, மாத்திக்கவே முடியாதத கடைசில எடுங்க, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் செய்யுங்க. இதுக்கு பெரிய விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, தண்டு அடில மெத்துமெத்துன்னு ஆயிருந்தா. அப்ப பொறுமை ஆகாது, அன்னிக்கே கத்தி எடுக்கணும்.

எந்த வழிய எடுக்கறதுன்னு செடிய பாத்து முடிவு பண்றத விட கீழ விழுந்த இலைய பாத்து முடிவு பண்றது சுலபம், அதுல விஷயம் நிறைய இருக்கு. விழுந்த இலைய கையில எடுங்க. மஞ்சளா, கண்ணாடி மாதிரி உள்ள தெரியற அளவுக்கு வெளிறி, அமுக்கினா தண்ணி பீச்சினா அது தண்ணி கூடிப்போன இலை, செல்லெல்லாம் ரொம்ப தண்ணி குடிச்சு வெடிச்சிருக்கு. மெலிசா சுருங்கி, மடக்கினா ஒடியாம வளையுதுன்னா தண்ணி உள்ள போகல (மண்ணுல தண்ணி இல்லைன்னு நான் சொல்லல, உள்ள போகலன்னுதான் சொல்றேன், இந்த வித்தியாசம் பின்னாடி ரொம்ப முக்கியம்). நல்லா பச்சையா, குண்டா, எந்த குறையும் இல்லாம இருக்கற இலை லேசா தொட்டதும் கழண்டு விழுந்தா வெளிச்சம், இடம் மாத்தினது, குளிர், பூச்சி இந்த நாலுல ஒண்ணு. தண்டோட அடில இருக்கற பழைய இலை மட்டும் ஒண்ணொண்ணா காஞ்சு காகிதம் மாதிரி ஆகி விழுந்தா அது வயசு, அதுக்கு வைத்தியமே வேண்டாம்.

இலைய பாத்தாச்சுன்னா அடுத்து தண்டு, மண்ணுக்கு ஒரு விரல் மேல ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க. கட்ட மாதிரி இருந்தா நேரம் இருக்கு. மண்ணையும் பாத்துருங்க, மேல் மண்ண மட்டும் இல்ல, ஒரு மரக்குச்சிய தொட்டி அடி வரைக்கும் குத்தி சில நிமிஷம் விட்டு எடுத்தா ஈரம் எதுவரைக்கும் இருக்குன்னு குச்சியே காட்டும். மேல காஞ்சு அடில சகதியா இருக்கற தொட்டி ரொம்ப சாதாரணம், பாதி பேர் ஏமாறறது அங்கதான்.

இப்ப வழிகள ஒண்ணொண்ணா எடை போடலாம்.

சும்மா விடறது. இத ஒரு வழியாவே யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா கட்டத் தண்டும் குண்டு இலையுமா இருக்கற செடில இதவிட நல்ல வழி வேற இல்ல. கடைலேருந்து வீட்டுக்கு வந்த செடி, வீடு மாறின செடி, இந்த ஜன்னல்லேருந்து அந்த ஜன்னலுக்கு போன செடி எல்லாம் கொஞ்ச நாள் இலைய உதிர்க்கும். இலைக் காம்பு தண்டோட சேர்ற இடத்துல ஒரு மெல்லிசான பிரியற அடுக்கு இருக்கு, செடி கஷ்டத்துல இருந்தா அந்த அடுக்கு இளகி இலைய விட்டுடும், அப்படி இளக ஆரம்பிச்ச இலைய நீங்க இன்னிக்கு எதை சரி பண்ணாலும் திருப்பி ஒட்ட வைக்க முடியாது. அதாவது காரணத்த சரி பண்ணின பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் இலை விழும். இது தெரியாதவங்க நாலாவது நாளே இது வேலைக்காகலன்னு அடுத்த வைத்தியத்துக்கு தாவிடறாங்க, அந்த தாவலே செடிக்கு அடுத்த அதிர்ச்சி. சும்மா விடறதுல இருக்கற ஒரே ஆபத்து, உள்ள அழுகல் ஓடிட்டு இருந்தா அதுக்கு நேரம் குடுத்த மாதிரி ஆயிடும், அதனாலதான் முதல்ல தண்ட அமுக்கிப் பாக்க சொன்னேன். வாரத்துக்கு ஒரு தடவ தண்ட அமுக்கிப் பாத்துக்கிட்டே சும்மா விடுங்க.

தண்ணி. இங்கதான் ரெண்டு எதிரெதிர் யோசனை இருக்கு, நிறுத்தறது, குடுக்கறது, ரெண்டுக்கும் ஒரே அறிகுறிதான் சில சமயம் வெளில தெரியுது, சுருங்கின இலை. மண்ணு காஞ்சு இலை சுருங்கினா தாகம். மண்ணு ஈரமா இருந்தும் இலை சுருங்கினா வேர் போயிடுச்சு, தண்ணில நின்னுட்டே குடிக்க முடியாம இருக்கு. ரெண்டாவது செடிக்கு பாவப்பட்டு இன்னும் தண்ணி ஊத்தறதுதான் ஜேட் செடி சாகறதுக்கு நான் பாக்கற முதல் காரணம். வேருக்கு தண்ணி மாதிரியே ஆக்ஸிஜனும் வேணும், மண்ணுல இருக்கற சின்ன சின்ன காத்து இடமெல்லாம் தண்ணியால நிறைஞ்சா வேர் மூச்சு முட்டி சாக ஆரம்பிக்கும், அப்புறம் பித்தியம், ஃபைட்டாப்தோரா மாதிரி ஈரத்துல வாழற கிருமிங்க உள்ள வந்து மிச்சத்த முடிச்சிடும்.

இந்த செடி எங்கேருந்து வந்துதுன்னு யோசிச்சாலே பாதி புரியும். ஜேட்டோட அறிவியல் பேர் க்ராஸ்யுலா ஓவாட்டா, அது தென்னாப்பிரிக்காவோட கிழக்குப் பக்கமும் மொசாம்பிக்கும் சொந்த ஊரா இருக்கற செடி, பாறை சரிவுல, தண்ணி வந்தா சட்டுனு வடிஞ்சு போற இடத்துல வளருது. இலைலயும் தண்டுலயும் தண்ணிய சேத்து வச்சுக்கும். பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு ராத்திரி திறந்து கரியமில வாயுவ எடுத்து அமிலமா சேத்து வச்சு, மறுநாள் வெளிச்சத்துல அத வச்சு சாப்பாடு பண்ணிக்கும், இந்த முறைக்கே இந்த செடி குடும்பத்தோட பேர்தான் வச்சிருக்காங்க, க்ராஸ்யுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்னு. இப்படி தண்ணிய மிச்சம் பிடிக்கவே உடம்ப அமைச்சுக்கிட்ட செடி ரெண்டு வாரம் தண்ணி இல்லைன்னா சாகாது, ரெண்டு வாரம் சகதில நின்னா செத்துடலாம். அதனால எது பிரச்னைன்னே புரியலன்னா, தண்ணிய நிறுத்தறது குடுக்கறதவிட எப்பவும் பாதுகாப்பு. தாகத்தால சுருங்கின இலை தண்ணி கிடைச்ச சில நாள்ல திரும்ப உப்பும், அழுகின வேர் திரும்ப வராது.

ஆனா தாகம்னு உறுதியா தெரிஞ்சா அரை டம்ளர் அரை டம்ளரா தெளிக்காதீங்க. ரொம்ப நாள் காஞ்ச கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பீட் (மக்கின பாசி) கலவைல மேல ஊத்தற தண்ணி மண்ணுக்குள்ள இறங்காது, தொட்டி ஓரமா ஓடி அடி ஓட்டை வழியா வெளிய வந்துடும், நீங்க தண்ணி விட்டாச்சுன்னு நினைப்பீங்க, நடு வேர்க்கட்டி தூளா காஞ்சே கிடக்கும். தொட்டிய ஒரு அகல பாத்திரத்துல தண்ணி வச்சு இருவது முப்பது நிமிஷம் உக்கார வைங்க, அடிலேருந்து உறிஞ்சிக்கும், அப்புறம் எடுத்து முழுசா வடிய விடுங்க. தொட்டிய தண்ணிக்கு முன்னாடியும் பின்னாடியும் கையில தூக்கிப் பாத்து அந்த கனத்த மனசுல வச்சுக்கிட்டா அடுத்த தடவைலேருந்து குச்சி கூட தேவையில்ல.

வெளிச்சம். பச்சையா குண்டா இலை விழுது, தண்டு மெலிசா நீண்டு ஜன்னல் பக்கம் சாயுது, இலைக்கும் இலைக்கும் நடுல இடைவெளி கூடுதுன்னா இதுதான். நம்ம கண்ணு வெளிச்ச விஷயத்துல நம்மள ரொம்ப ஏமாத்தும், நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) பக்கம் இருக்கும், அதே நேரத்துல ரூம் நடுல சில நூறு லக்ஸ்தான், ஆனா கண்ணுக்கு ரெண்டும் பகலாத்தான் தெரியுது. செடி ஜன்னல்லேருந்து ரெண்டு எட்டு உள்ள தள்ளி இருந்தாலே அதுக்கு அது சாயங்காலம். வெளிச்சம் கம்மியான செடி தண்ணியும் மெதுவாத்தான் குடிக்கும், மண்ணு காயாது, அதனால வெளிச்சப் பிரச்னை கொஞ்ச நாள்ல தண்ணிப் பிரச்னையா வேஷம் மாறி வரும். இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா நிறைய பேர் தண்ணியையே குறைச்சுக்கிட்டு இருப்பாங்க, செடி அசையாது, ஜன்னல் பக்கம் தள்ளி வச்சதும் அதே தண்ணி சரியாயிடும்.

ஜன்னலா குரோ லைட்டான்னு (செடி வளர்க்கறதுக்குன்னே விக்கற லைட்) கேட்டா, ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது நேர் வெயில் விழற ஜன்னல் இருந்தா ஜன்னல்தான். இல்லைன்னா வெள்ளை எல்இடி குரோ லைட் ஒண்ணு செடிக்கு மேல ஒரு அடிக்குள்ள தொங்க விட்டு தினம் 12 மணி நேரம் பக்கம் எரிய விடலாம், டைமர் போட்டா ஒழுங்கா நடக்கும், லைட்ட தூரமா வச்சா காசுக்கு கேடு, தூரம் ரெட்டிப்பானா வெளிச்சம் கால் பங்குக்கு பக்கமா இறங்கிடும். ரெண்டுலயும் ஒரு எச்சரிக்கை, இருட்டுல பழகின செடிய ஒரே நாள்ல மொட்டை வெயில்ல வைக்காதீங்க, இலைல பழுப்பா தழும்பு விழும், அந்த தழும்பு அந்த இலை இருக்கற வரைக்கும் போகாது. தினம் கொஞ்சம் கொஞ்சமா நேரம் கூட்டி பத்து பதினஞ்சு நாள்ல பழக்குங்க. இந்த வழி எனக்கு ரொம்ப பிடிக்கும், செலவு கம்மி, பிடிக்கலன்னா திருப்பி எடுத்து வச்சுக்கலாம், செடிக்கு காயமே இல்ல. பலன் மட்டும் மெதுவா, மூணு நாலு வாரம் கழிச்சு நுனில வர்ற புது ஜோடி இலை நெருக்கமா குட்டையா வந்தாதான் சரியாச்சுன்னு அர்த்தம்.

போற போக்குல ரெண்டு விஷயம். 10 டிகிரிக்கு கீழ போற ராத்திரி, இல்ல ஏசி காத்து நேரா அடிக்கற இடம், ரெண்டும் நல்ல இலைய கொட்ட வைக்கும், செடிய நகத்தினாலே போதும். பழுத்த பழக்கூடை பக்கத்துல வச்சிருந்தா அதயும் நகத்துங்க, பழம் விடற எத்திலீன் வாயு இலை உதிர்ற அந்த அடுக்க இளக வைக்கற வாயுதான்.

அப்புறம் பூச்சி. இலை தண்டோட சேர்ற இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி, மேல சொன்ன எந்த வழியும் எடுபடாது, முதல்ல அத முடிக்கணும். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல காட்டன் பட்ஸ முக்கி ஒவ்வொண்ணா தொட்டு எடுங்க, வாரா வாரம் திரும்ப செய்யுங்க, முட்டைலேருந்து புதுசு வந்துட்டே இருக்கும், மத்த செடிங்களேருந்து தள்ளி வைங்க.

இப்ப ரீபாட். எல்லாருக்கும் பிடிச்ச வைத்தியம் இது, ஏதோ பெருசா செஞ்ச திருப்தி கிடைக்குது, எனக்கோ இதுல பயம்தான் அதிகம். காரணம் சொல்றேன். ரீபாட் பண்ணும்போது எவ்ளோ மெதுவா செஞ்சாலும் மெல்லிய வேர்முடி அறுந்து போகும், தண்ணி குடிக்கறதே அந்த வேர்முடிதான், அதனால ஏற்கனவே இலை கொட்டற செடி இன்னும் கொஞ்சம் கொட்டும், அது புது மண்ணாலயா பழைய பிரச்னையாலயான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது. அதனால ரீபாட் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நடு வழி இருக்கு, வேர பாக்கறது மட்டும். மண்ணு காஞ்சிருக்கும்போது தொட்டிய சாய்ச்சு பக்கத்துல தட்டி மொத்த கட்டியையும் அப்படியே வெளிய உருவிப் பாருங்க. வெள்ளையா, இல்ல வெளிர் பழுப்பா, இழுத்தா விறைப்பா இருக்கற வேர்னா நல்ல வேர், அப்படியே திரும்ப உள்ள வச்சு மூடிடுங்க, ரீபாட் வேண்டாம், உங்க பிரச்னை மண்ணுக்கு மேலதான் இருக்கு. கறுப்பா, கொழகொழன்னு, இழுத்தா மேல்தோல் உருவிக்கிட்டு உள்ள நூல் மாதிரி மிஞ்சினா, புளிச்ச நாத்தம் வந்தா, அப்பதான் ரீபாட், அப்ப அது தள்ளிப் போடக் கூடாத வேலை.

ரீபாட்ல மூணு முடிவு. ஒண்ணு தொட்டி, ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி எவ்ளோ அழகா இருந்தாலும் வேண்டாம், மண் தொட்டி சுவர் வழியாவும் ஈரத்த விடும், கை தாராளமா தண்ணி ஊத்தறவங்களுக்கு அதுதான் நல்லது, தண்ணிய மறக்கறவங்களுக்கு பிளாஸ்டிக் போதும். அளவு வேர்க்கட்டிய விட ஒரு விரல் அகலம் கூட இருந்தா போதும், பெரிய தொட்டில வேர் எட்டாத மண்ணு ஈரமாவே கிடந்து அழுகல கூப்பிடும், அழுகின வேர வெட்டின பிறகு பழைய தொட்டிய விட சின்னது கூட தேவைப்படலாம். ரெண்டாவது மண்ணு, தொட்டிக்குன்னு விக்கற சாதா பாட்டிங் மிக்ஸ தனியா போடாதீங்க, பாதிக்கு பாதியாவது பெர்லைட், ப்யூமிஸ் (ரெண்டும் துளைதுளையா இருக்கற லேசான கல்லு), இல்ல கழுவின பொடிக்கல்லு கலந்துக்கோங்க. அடில கூழாங்கல் அடுக்கு போட்டா தண்ணி வடியும்ங்கற நம்பிக்கைய விட்டுடுங்க, மெல்லிய மண்ணுலேருந்து பெரிய கல்லுக்கு தண்ணி சுலபமா இறங்காது, மண்ணோட அடிலயே தேங்கி நிக்கும், அதாவது தேங்கற ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வந்துடும். மூணாவது தண்ணி, ரீபாட் பண்ணினதும் ஊத்தாதீங்க, அறுந்த வேர் ஆற ஒரு வாரம் பக்கம் காய விட்டு அப்புறம் ஊத்துங்க. உரமும் வேண்டாம், வேர் இல்லாத செடிக்கு உரம் சாப்பாடு இல்ல, உப்புதான்.

கடைசி வழி வெட்டறது. தண்டு அடில மெத்துன்னு ஆயிருந்தா, கறுப்பு மேல ஏறிட்டு இருந்தா, மேல சொன்ன எதுவும் பேச்சுக்கே இல்ல, ரீபாட் பண்ணியும் பலன் இல்ல, ஏன்னா அழுகல் வேர தாண்டி தண்டுக்குள்ள வந்தாச்சு. நல்லா கெட்டியா இருக்கற இடத்துல வெட்டுங்க, வெட்டின முகத்த பாருங்க, நடுல பழுப்பா வளையமோ புள்ளியோ தெரிஞ்சா இன்னும் மேல வெட்டுங்க, முகம் முழுக்க சுத்தமா வெளிர்பச்சையா வர்ற வரைக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஆல்கஹால்ல துடைச்சுட்டு. மனசு கேக்காது, பல வருஷம் வளந்த தண்டு, ஆனா ஒரு சின்ன பழுப்பு புள்ளிய விட்டா அதுலேருந்து திரும்ப ஏறும்.

வெட்டினத கிளையா வைக்கறதா இலையா வைக்கறதான்னா கிளைதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு விரல் நீள கிளைய நிழல்ல நாலஞ்சு நாள், தடிமனா இருந்தா ஒரு வாரம், காய விட்டு வெட்டு முகம் தோல் கட்டின பிறகு காஞ்ச கலவைல சொருகினா மூணு நாலு வாரத்துல வேர் பிடிக்கும். இலைலேருந்தும் வரும், அடி கிழியாம முழுசா கழண்ட இலையா இருந்தா, ஆனா செடின்னு சொல்ற அளவுக்கு வர மாசக்கணக்கு. மஞ்சள் வெள்ளை கோடு போட்ட ஜேட்ல இலை வழி இன்னும் மோசம், அந்த கோடு பெரும்பாலும் புதுச் செடிக்கு வராது, கோடு வேணும்னா கோடு இருக்கற கிளையவே வைக்கணும். தரைல கொட்டற துண்டையெல்லாம் உடனே பொறுக்கிடுங்க, பூனை நாய் வளக்கறவங்க கண்டிப்பா, ஜேட் அதுங்களுக்கு விஷம், வாந்தி எடுக்கும்.

இதே இலை கொட்டற புகார் டாங்கி டெயில்ங்கற, வால் மாதிரி தொங்கற செடிக்கும் வரும், அதுல கணக்கே வேற. அதோட இலை தொட்டாலே விழும், ஆரோக்கியமா இருக்கற செடியும் உதிர்க்கும், விழுந்த இடத்துல வேர் விட்டு வளர்றது அதோட பிழைப்பு, அதனால அதுக்கு முதல் வைத்தியம் யாரும் இடிக்காத இடத்துல தொங்க விடறது, வேற எதுவும் பண்ணாதது. குட்டி ஜேட்னு விக்கற போர்ட்டுலகேரியா இடம் மாத்தினா ஜேட்ட விட தாராளமா கொட்டும், தண்டு கெட்டியா இருக்கற வரைக்கும் திரும்ப தழைக்கும், அதுக்கு நான் சும்மா விடறதுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

ரெண்டுங்கெட்டான் செடின்னு ஒண்ணு இருக்கு. இலை சுருங்கியிருக்கு, மண்ணு லேசா ஈரம், தண்டு கெட்டிதான் ஆனா பழைய கெட்டி இல்லையோன்னு சந்தேகமா இருக்கு, வேர பாத்தா பாதி நல்லது பாதி கெட்டது. இதுக்கு நான் ரெண்டு வழிய சேத்து எடுப்பேன், ஒண்ணொண்ணா மாத்துங்கன்னு சொன்ன கணக்கு இங்க உதவாது. முதல்ல மேல இருக்கற ரெண்டு நல்ல கிளைய வெட்டி காய வச்சுடுங்க, தாய்ச்செடி போனாலும் அது கையில இருக்கும். அந்த தைரியத்துல தாய்ச்செடியோட கெட்ட வேர சுத்தமா வெட்டி சின்ன தொட்டில காஞ்ச கலவைல வைங்க, வெளிச்சமான ஆனா நேர் வெயில் படாத இடத்துல, ஒரு வாரம் தண்ணியே காட்டாம. மேல பாரம் குறைஞ்சதால மிச்ச வேருக்கு தாங்கும். முதல் தண்ணிக்கு அப்புறம் பத்து நாள் பாருங்க, சுருங்கின இலை உப்பினா வேர் வேலை செய்யுது, அடுத்த தண்ணி மண்ணு அடி வரைக்கும் காஞ்ச பிறகு. உப்பலைன்னா இன்னொரு தடவ தண்ட அமுக்கிப் பாத்துட்டு, கெட்டியா இருந்தா மிச்சத்தையும் கிளையா வெட்டி காய வைங்க, அது மெத்துன்னு ஆகற வரைக்கும் காத்திருந்தா வெட்ட நல்ல இடம் மிஞ்சாது.